கணக்கு நோட்டு யார் கையில்?

போன மாசம் எங்க தாலுக்கா டவுனில் ஒரு வங்கிக் கிளைக்குப் போயிருந்தேன். எனக்காக இல்லை. எங்க காலனிப் பெண் ஒருத்தி லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டு நாலு வருசமாக ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். சம்பளத்தைக் கையில் ரொக்கமாகத்தான் தருகிறார்கள். சொந்தமாக ஒரு சின்னப் பரிசோதனை நிலையம் வைக்க வேண்டும், அதற்கு முத்ரா திட்டத்தில் மூணு லட்சம் கடன் வேண்டும். "அண்ணா, கூட வாங்கண்ணா, எனக்கு அங்க பேச வராது" என்றாள். அவளும் அவள் அம்மாவும் நானும் போனோம்.

மேலாளர் கம்ப்யூட்டரில் பார்த்தார். "உன் பேர்ல சிபில்ல ஒண்ணுமே இல்லியேம்மா. மைனஸ் ஒண்ணுன்னு காட்டுது. ஹிஸ்டரியே இல்ல" என்றார்.

அம்மாவுக்குப் புரியவில்லை. "நாங்க யாருக்கும் பாக்கி வைக்கலியே சார்" என்றார்கள்.

"பாக்கி இல்லாட்டா ஆச்சா? வாங்கித் திருப்பிக் கட்டியிருக்கணும்ல? கவர்மெண்டு சம்பளக்காரங்க யாராச்சும் ஜாமீன் கையெழுத்துப் போட்டா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வாங்கித் திருப்பிக் கட்டியிருக்க வேண்டுமாம்! தோழர்களே, அந்த அம்மா இருபது வருசமாக மார்க்கெட்டில் கீரை விற்கிறவர்கள். இருபது வருசமாகத் தண்டல் வாங்கி, இருபது வருசமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தண்டல் எப்படி என்று உங்களில் பலருக்கு வீட்டிலேயே தெரியும். பத்தாயிரம் என்று பேர். கைக்கு வருவது 8,500. நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய். மழையோ காய்ச்சலோ எழவு விழுந்த வீடோ, சாயங்காலம் பைக்கில் வந்து நிற்கிறவனுக்கு நூறு ரூபாய் எடுத்து வைத்தாக வேண்டும். 1,500 ரூபாய் வட்டிதானே என்று நினைக்காதீர்கள். அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. ஐம்பதாம் நாளில் அந்த அம்மா கையில் இருப்பது பாதிப் பணம்தான். கூட்டிப் பார்த்தால் ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறைத் தாண்டுகிறது. எந்த வங்கியும் எந்தப் பணக்காரனிடமும் கேட்கத் துணியாத வட்டி இது. இதையே தவறாமல் கட்டிய ஒரு பொம்பளையின் மகளைப் பார்த்து 'ஹிஸ்டரி இல்லை' என்கிறான்.

வரலாறு இல்லாதவர்கள் என்று நம்மைச் சொல்வது இது முதல் தடவையா? கோயில் கல்வெட்டில் நாம் இல்லை, மிராசு கணக்கில் பேர் இல்லாத ஆளாக இருந்தோம், பள்ளிப் பாடத்தில் இல்லை. இப்போது கம்ப்யூட்டரிலும் இல்லை. பூச்சியம்கூட இல்லை, பூச்சியத்துக்கும் கீழே ஒண்ணு.

*

இந்த மதிப்பெண் என்பது என்ன? 2005-இல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்படி நாட்டில் நாலு தனியார் நிறுவனங்கள் உரிமம் பெற்று இயங்குகின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹை மார்க். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்களிடம் கடன் வாங்கிய ஒவ்வொருவரின் கணக்கையும் இவர்களுக்கு அனுப்ப வேண்டும். எப்போது வாங்கினான், எவ்வளவு கட்டினான், எத்தனை நாள் தள்ளினான் என்பதையெல்லாம் வைத்து 300 முதல் 900 வரை ஒரு எண் போடுகிறார்கள். பெரும்பாலும் 750-க்கு மேல் இருந்தால் வங்கி உட்காரச் சொல்லும். குறைந்தால் நிற்க வைத்தே அனுப்பும்.

"கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது, இதுல என்ன தலித்து பிரச்சினை?" என்று ஒரு முற்போக்கு நண்பர் கேட்டார். சரி, கம்ப்யூட்டர் சாதி கேட்பதில்லை. அது கேட்பது ஒரே கேள்வி: உனக்கு இதற்கு முன்னால் யார் கடன் கொடுத்தான்? வங்கி கொடுத்திருந்தால் மதிப்பெண். தண்டல்காரன் கொடுத்திருந்தால் இல்லை. செங்கல் சூளை முதலாளி அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இல்லை. மளிகைக்கடை அக்கவுண்ட் நோட்டுக்கும் இல்லை. ஊர்த்தெரு வீட்டுப் பையனுக்கு அப்பா பேரில் பட்டா இருக்கிறது, அதை வைத்துப் பயிர்க் கடன், டிராக்டர் கடன், பிறகு பையன் பேரிலேயே பைக் கடன். அவன் இருபத்தைந்து வயசுக்குள் 'வரலாறு' உள்ளவன் ஆகிவிடுகிறான். அந்த நண்பருக்கு இதுதான் பதில்: கம்ப்யூட்டருக்குச் சாதி தெரிய வேண்டியதில்லை. யாருக்குக் கடன் கிடைத்தது என்பதிலேயே சாதி இருக்கிறது.

நமக்கு ஏன் பட்டா இல்லை? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் பிறர் கைக்குப் போகக்கூடாது என்பது நிபந்தனை. போனதா இல்லையா? அதைத் திருப்பிக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10-ஆம் நாள் காரணைப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள். நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவன் பிள்ளைக்கு 800. நிலத்தைப் பறிகொடுத்தவன் பிள்ளைக்கு மைனஸ் ஒண்ணு. இதுதான் சாதி தெரியாத கணக்கு!

*

நம் சனங்களுக்கும் கடனுக்கும் உள்ள உறவு புதுசு இல்லை. படியாள் என்றால் யார்? கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ பண்ணையாரிடம் வாங்கிய கொஞ்சம் நெல்லுக்கும் பணத்துக்கும் உடம்பை அடமானம் வைத்தவன். அப்பன் பட்ட கடனுக்கு மகன் உழைத்தான், மகன் கடனுக்குப் பேரன். எவ்வளவு கட்டினோம், எவ்வளவு பாக்கி என்று கேட்க முடியாது. ஏனென்றால் நோட்டு பண்ணையார் வீட்டில். நாம் வைத்தது கைநாட்டு மட்டும். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது அந்தக் கடன்களெல்லாம் செல்லாது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்று எழுதினார்கள். ஆனால் சூளையிலும் அரிசி ஆலையிலும் அட்வான்ஸ் நோட்டு இன்னும் இருக்கத்தான் செய்கிறது.

நாணயம் என்று நாம் சொல்கிற சொல்லுக்கு ரெண்டு பொருள். ஒன்று காசு. இன்னொன்று சொன்ன சொல் தவறாமை. இந்த ரெண்டாவது நாணயத்தில் நம் சனங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. கொடுத்த நாணயத்தை நாம் எழுதி வைக்கவில்லை. எழுதியவன் நமக்குக் காட்டவில்லை. பிரச்சினை அங்கே இருக்கிறது.

இங்கேதான் நம் தோழர்களிடமே ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது.

இந்தப் பெண்ணின் கதையை ஒரு கூட்டத்தில் சொன்னபோது மூத்த தோழர் ஒருவர், "இதெல்லாம் கார்ப்பரேட் வலை. கடனே வாங்காதேன்னு நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லணும். மதிப்பெண் வாங்கறது எப்படின்னு சொல்லித் தர்றது இயக்கத்தோட வேலையா?" என்று கேட்டார். மாணவர்கள் சிலர் கைதட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது.

கடன் வாங்காதே என்று சொல்ல யாருக்கு முடியும்? அப்பன் சொத்து இருப்பவனுக்கு முடியும். நம் வீட்டில் வங்கிக் கடன் இல்லை என்றால் கடனே இல்லை என்று அர்த்தம் இல்லை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று அர்த்தம். மகன் காலேஜ் பீசுக்குத் தாலியில் கிடக்கும் குண்டுமணித் தங்கமும் சேட்டுக் கடைக்குப் போகிறது என்று அர்த்தம். 2003-இல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பதினாலு வருசம் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு கூலிக் குடும்பம், ரெண்டு பச்சைக் குழந்தைகளோடு, தீக்குளித்தது. மனு மேல் மனு கொடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். 2025-இல் கடன் வசூல் அடாவடிக்கு எதிராக இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. வரட்டும். ஆனால் முறையான கடன் கிடைக்கிற இடத்துக்கு நம் சனங்களைக் கொண்டுபோகாமல் கந்துவட்டியை எந்தச் சட்டம் ஒழிக்கும்?

அண்ணல் அம்பேத்கரும் கடன் வாங்கினார். லண்டனில் பாதியில் விட்ட படிப்பை முடிக்க 1920-இல் கப்பல் ஏறியபோது அவர் கையில் இருந்தது சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் மன்னர் கொடுத்த உதவி, பார்சி நண்பர் நவல் பத்தேனா கொடுத்த ஐயாயிரம் ரூபாய்க் கடன். அந்தக் கடன் இல்லாவிட்டால் 'ரூபாயின் பிரச்சினை' என்ற ஆய்வு இந்த நாட்டுக்குக் கிடைத்திருக்குமா? அதற்கு முன்னால் பம்பாயில் முதலீட்டு ஆலோசனை நிலையம் ஒன்றும் நடத்திப் பார்த்தார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர்! ஆனால் ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வந்தவர்கள் விலகிப் போனார்கள். அறிவு இருந்தது, நம்ப ஆள் இல்லை. 'கிரெடிட்' என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு வேர்ப் பொருளே நம்பிக்கைதான். சாதி முதலில் பறிப்பது அதைத்தான்.

ஆகவே தோழர், இது வங்கிக்குக் காவடி தூக்குகிற வேலை இல்லை. நம் பேரில் எழுதப்படும் நோட்டை நாமே வாங்கிப் படிக்கிற வேலை. அதுகூட இயக்கத்தின் வேலை இல்லை என்றால் எது இயக்கத்தின் வேலை?

*

அந்த மேலாளர் சொன்னது சட்டப்படியே தப்பு. இதை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். முதல் முறையாகக் கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 6-ஆம் தேதி வெளியிட்ட முதன்மை வழிகாட்டுதலில் கடன் கொடுப்போருக்குச் சொல்லியிருக்கிறது. கடனுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை என்றும் 2025 ஆகஸ்டில் ஒன்றிய நிதித்துறை இணையமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். கல்விக் கடனில் நாலு லட்சம் வரை எந்தச் சொத்துப் பிணையும் கேட்கக் கூடாது. மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எந்த மேலாளரும் வாயால்தான் 'இல்லை' என்பார். எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், முகம் மாறும்.

மதிப்பெண் இனிமேல் கடனோடு நிற்கப் போவதில்லை. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாணவனின் மதிப்பெண் குறைவு என்று கல்விக் கடன் மறுக்கப்பட்ட வழக்கில், அந்தக் காரணத்தால் மறுக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-இல் சொன்னது. நல்லது. ஆனால் 2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தது வேறு. பொதுத்துறை வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் பாக்கி வரலாற்றைக் காட்டி ரத்து செய்யப்பட்டது. அதில் தலையிட நீதிமன்றம் மறுத்துவிட்டது. இட ஒதுக்கீட்டில் இடம் வாங்கி, ராப்பகலாகப் படித்துத் தேர்வு எழுதி, கடைசியில் அவசரத்துக்கு வாங்கிய ஒரு கடனால் வேலை போகும் என்றால், இது நம் பிரச்சினையா இல்லையா?

அரசு மானியத் திட்டங்களின் கதையும் இதுதான். 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. மானியம் அரசு தரும், கடன் வங்கி தர வேண்டும். வங்கியோ சிபிலைத் திறந்து பார்க்கும். நாம் போராடி வாங்கிய திட்டத்தின் சாவி வேறு எவனோ கையில்.

*

இப்போது நடைமுறை. படிப்பு வட்டங்களில் இதைப் பேசுங்கள்.

முதலில் உன் நோட்டை வாங்கிப் படி. 2017-இலிருந்து, நாலு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு தடவை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தப்பு இருந்தால் புகார் கொடு. முப்பது நாளில் தீர்க்காவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் இழப்பீடு உனக்கு. நீ வாங்காத கடன் உன் பேரில் இருக்கிறதா, கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று காட்டுகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும்.

வரலாறு இல்லாதவன் வரலாறு தொடங்க ஒரு சின்னக் கணக்கு போதும். கையில் பத்து இருபதாயிரம் சேர்ந்தால் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு அதன் மேலேயே கடன் அட்டை வாங்கலாம். சம்பளச் சீட்டு கேட்பதில்லை. அல்லது சேட்டுக் கடைக்குப் போகிற அதே நகையை வங்கியில் வைத்தால், கட்டுகிற ஒவ்வொரு தவணையும் உன் பேரில் பதிவாகும். அட்டையில் பத்தாயிரம் வரம்பு என்றால் மூவாயிரத்துக்குள் செலவு செய். கெடுவுக்கு முன்னால் முழுப் பணமும் கட்டு. 'மினிமம் டியூ' என்று ஒரு சின்னத் தொகையைக் காட்டுவான். அதை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு மாசம் மூணு, மூணரை வட்டி ஓடும். அதுவும் கந்துவட்டிதான், கோட் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒழுங்காக ஆறு மாசம் போல ஓடினால் மைனஸ் ஒண்ணு போய் ஒரு எண் வரும். ஒரே மாசத்தில் அஞ்சு இடத்தில் மனு போடாதே, ஒவ்வொரு மனுவும் அறிக்கையில் ஏறும்.

செல்போன் கடன் ஆப் பக்கமே போகாதே. அஞ்சு நிமிசத்தில் பணம் வரும். அப்புறம் உன் போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் உன் மானம் போகும்.

கடனைக் கட்ட முடியாமல் போனால் ஒளியாதே. வங்கிக்குப் போய் எழுதிக் கொடு, தவணையை மாற்றிக் கேள். 'கொஞ்சம் கட்டுங்க, முடிச்சிக்கலாம்' என்று ஏஜெண்டு சொல்லும்போது கவனம். அறிக்கையில் 'குளோஸ்டு' என்று வருவது வேறு, 'செட்டில்டு' என்று வருவது வேறு. ரெண்டாவது, நீ முழுசாகக் கட்டவில்லை என்று வருசக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். காலை எட்டு மணிக்கு முன்னாலும் மாலை ஏழு மணிக்குப் பின்னாலும் வசூல்காரன் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. இதைச் சத்தமாகச் சொல்.

நம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. குழுக் கடன் கொடுக்கிற மைக்ரோ நிதி நிறுவனங்களும் இந்த நாலு நிறுவனங்களுக்குக் கணக்கு அனுப்புகின்றன. ஒரு குடும்பத்தின் மாசத் தவணை மொத்தமும் வருமானத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று 2022 விதி சொல்கிறது. ஆனால் காலனியில் நடப்பது என்ன? நாத்தனாருக்காக ஒரு கடன், புருசன் வண்டிக்காக ஒரு கடன், குழுத் தலைவி கேட்டாள் என்று ஒரு கடன். எல்லாம் பெண்ணின் பேரில். பணத்தை எடுத்தவன் ஒருத்தன், வீட்டு வாசலில் உட்கார்ந்து அவன் திட்டுவது இவளை, கெடுவது இவள் நோட்டு. சேலையை இரவல் கொடுத்தால் திரும்பி வரும். பேரை இரவல் கொடுக்காதீர்கள். ஆண் தோழர்களே, அம்மா பேரிலும் மனைவி பேரிலும் கடன் வாங்கிவிட்டுப் பெண் விடுதலை பேசாதீர்கள்.

*

இதையெல்லாம் செய்தாலும் தனி ஆள் தப்பிக்கலாம், சேரி தப்பிக்காது. எனவே கோரிக்கையாகவும் வைக்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் எத்தனை தலித் மனுக்களை வாங்கியது, எத்தனையைத் தள்ளியது, என்ன காரணம் என்று ஆண்டுதோறும் பலகையில் ஒட்ட வேண்டும். தாட்கோ பரிந்துரைத்த மனுவை மதிப்பெண்ணைக் காட்டித் தள்ளக் கூடாது. வாடகை, மின்கட்டணம், கல்விக் கட்டணம் ஒழுங்காகக் கட்டியதையும் நாணயமாக எண்ண வேண்டும். வேலைவாய்ப்புக்குக் கடன் மதிப்பெண் கேட்பதை ஒழிக்க வேண்டும். கோடி கோடியாக வாங்கி வெளிநாட்டுக்கு ஓடியவர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் நல்ல மதிப்பெண்தான் இருந்திருக்கும். மதிப்பெண் மனுசனை அளக்கிற கோல் இல்லை. ஒரு வாசல், அவ்வளவுதான். அந்த வாசலில் நம்மை நிறுத்தி வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

அந்தப் பெண்ணோடு மறுபடி வங்கிக்குப் போனோம். இந்தத் தடவை காலனிப் பசங்க எட்டுப் பேர். ரிசர்வ் வங்கி வழிகாட்டுதலை எடுத்துக் காட்டி, மறுப்பதாக இருந்தால் எழுத்தில் தாருங்கள் என்று மனு கொடுத்து, கிளை முத்திரையோடு ஒப்புதல் வாங்கினோம். மேலாளர் முதல் தடவையாக "உக்காருங்க" என்றார். கடன் இன்னும் வரவில்லை. பரிசீலனையில் இருக்கிறதாம். பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போவோம், அதற்கு மேலும் போவோம்.

திரும்பி வரும்போது அவள் அம்மா மடியிலிருந்து தண்டல் அட்டையை எடுத்துக் காட்டினார்கள். நூறு கட்டம். எண்பத்தேழு கட்டத்தில் கையெழுத்து. "இதையும் அந்த மனுவோட வச்சிருக்கலாமே தம்பி" என்றார்கள்.

அடுத்த தடவை அதையும் வைப்போம்.